லில்லி மூன்சாமி ஏன் அழுதாள்?

வெஸ்ட் இண்டீஸ் என்பது இந்தியாவுக்கு மேற்கே இருக்கிற ஊர் இல்லை என்று ஒன்பதாம் வகுப்புக்குப் புரியவைப்பதற்கே எனக்கு மூன்று பீரியட் போய்விட்டது.

"அப்ப பம்பாய்ப் பக்கம் இல்லையா டீச்சர்?" என்றான் முனியராஜ்.

"இல்லைடா. அது அமெரிக்காவுக்குப் பக்கத்துல, கரீபியன் கடல்ல இருக்கு. கொலம்பஸ் இந்தியாவைத் தேடிக் கெளம்பிப் போயி, அங்க எறங்கி, இதுதான் இந்தியான்னு நெனச்சுட்டார்."

"தப்புன்னு தெரிஞ்சதுக்கப்புறம் பேரை மாத்திருக்கலாம்ல? நாங்க தப்பா எழுதுனா மட்டும் அஞ்சு தடவை எழுதச் சொல்லுதீக."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து செக்‌ஷன், இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள், வாரத்துக்கு முப்பத்திரண்டு பீரியட். இதில் கொலம்பஸ் செய்த தப்புக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டுமா?

இந்தத் தலைவலியை இழுத்து விட்டவர் எங்கள் கரஸ்பாண்டன்ட் கோட்டைச்சாமி. சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கிற பிரஸ் வைத்து நன்றாகச் சம்பாதித்து, ஆமத்தூர் ரோட்டில் இந்த மெட்ரிகுலேஷன் பள்ளியைக் கட்டியவர். நல்ல மனுஷன்தான். கிரிக்கெட் என்று வந்துவிட்டால் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவார். 2006 ஜூனில் புத்தகக் கம்பெனி ஏஜென்ட் ஒருவன் இங்கிலீஷ் துணைப்பாடத்துக்கு என்று மூன்று சிறுவர் நாவல்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினான். மூன்றாவது புத்தகத்தின் பின் அட்டையில் 'டிரினிடாட்' என்ற வார்த்தையைப் பார்த்ததுமே சார் முடிவு பண்ணிவிட்டார்.

"வர்ற மார்ச்சுல வேர்ல்டு கப்பே அங்கனதான் டீச்சர். நம்ம ஆளுக டிரினிடாட்லதான் ஆடப்போறாக. பிள்ளைகளுக்குப் படிப்புக்குப் படிப்பும் ஆச்சு, கிரிக்கெட்டுக்குக் கிரிக்கெட்டும் ஆச்சு."

"சார், அதுல கிரிக்கெட்டே இல்லை. கரும்புத் தோட்டத்துல வளர்ற ஒரு பொம்பளப் பிள்ளையோட கதை."

"கரும்பு நல்லதுதான?" என்று சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அதோடு விட்டார்களா? மதுரையில் ஒரு நாள் பயிற்சி வகுப்பு. கதையைக் கதையாக நடத்தக்கூடாதாம். அந்த மண்ணின் வரலாறு, அந்த மக்களின் பண்பாட்டு மரபு, சாப்பாடு, பாட்டு, திருவிழா எல்லாவற்றையும் சொல்லி, அதன் வழியாகத்தான் நாவலுக்குள் கூட்டிப்போக வேண்டுமாம். சொல்லிக்கொடுத்த அம்மாள் கரீபியனைப் பார்த்தவர் இல்லை. நான் எங்கே பார்க்க? எங்கள் பள்ளி அட்லஸில் கரீபியன் கடல் சரியாகத் தையல் போகிற இடத்தில் விழுந்திருந்தது. டிரினிடாட் நூலுக்குள் போய்விட்டது. கடைசியில் என் வகுப்பு ஓவியாவின் அப்பா தன் ஆஃப்செட் பிரஸ்ஸில் கழிவுத்தாள் ஒன்றில் பெரிதாக மேப் அடித்துக் கொடுத்தார். முன்பக்கம் கரீபியன், பின்பக்கம் லட்சுமி வெடி லேபிள். பிள்ளைகள் பின்பக்கத்தைத்தான் ஆசையாகப் பார்த்தார்கள்.

கதை பெரிய கதை ஒன்றுமில்லை. அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்பு வெட்ட ஆள் இல்லாமல், வெள்ளைக்காரன் இங்கிருந்து ஒப்பந்தம் போட்டுக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான் அல்லவா? கல்கத்தாவிலிருந்தும் போனார்கள், மெட்ராஸிலிருந்தும் போனார்கள். அப்படிப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் பேத்தி லில்லி மூன்சாமி. மூன்சாமி என்றால் நிலாச்சாமி என்று முனியராஜ் நோட்டில் எழுதி வைத்திருந்தான். "முனிசாமிடா, வாய்க்கு வாய் மாறி அப்படி ஆயிருச்சு" என்றேன். அதைச் சொன்னது தப்பாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த நாவலில் வருகிற அத்தனை பேரும் சாத்தூர்க்காரர்கள் என்றே பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது அத்தியாயத்தில் லில்லியின் சித்தப்பா தீ மிதிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்குழுவில் நிற்கிறவள் நான்; தீமிதியை எட்ட நின்றுகூடப் பார்த்ததில்லை. கைடைப் பார்த்து விளக்கப்போனேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் என்னைத் திருத்தினார்கள். எத்தனை நாள் விரதம், குழிக்கு என்ன விறகு, முதலில் யார் இறங்குவது, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகும்போது காலில் என்ன போடக்கூடாது. அந்த ஒரு பீரியட் மட்டும் பண்பாட்டு மரபு பிரமாதமாக நடந்தது. நான் நடத்தவில்லை, அவ்வளவுதான்.

வம்பு ஏழாவது அத்தியாயத்தில் வந்தது. லில்லியின் பக்கத்து வீட்டுப் பையன் டெடி. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக விளையாடியவர்கள், ஒரே மாங்காயை ஆளுக்கொரு கடி கடித்தவர்கள். ஒருநாள் பள்ளிக்கூடக் குழாயடியில் மற்றப் பையன்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, டெடி அவளைப் பார்த்து, "ஏய் கூலி, தள்ளு" என்கிறான். லில்லி போய் மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறாள். அத்தியாயம் அதோடு முடிந்துவிடுகிறது. அவள் ஏன் அழுதாள் என்று எழுதியவர் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கு இத்தனை பாடு இல்லை.

"கூலி என்பது அங்கே நம்ம ஆட்களைத் திட்டுகிற வார்த்தை" என்றேன்.

அப்போதுதான் கடைசி பெஞ்சில் சுவரோரம் இருந்து கன்செஷன் எழுந்தது.

அந்த வகுப்பில் ஃபீஸ் சலுகையில் படிக்கிற பிள்ளை அது ஒன்றுதான். அதனால் எல்லாருக்கும் அது கன்செஷன். ஆபீஸ் கிளார்க் அப்படித்தான் கூப்பிடுவார், பிள்ளைகளும் அப்படித்தான், நானும் அப்படித்தான். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை. எல்லாப் பாடத்திலும் பாஸ் பண்ணினால்தான் அடுத்த வருஷமும் சலுகை உண்டு என்பது சாரின் சட்டம். ஃபெயிலானால் படித்தது போதும், கம்பெனிக்கு வரட்டும் என்று அதன் அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். கணக்கும் சயின்ஸும் தட்டுத்தடுமாறித் தேறிவிடும். இங்கிலீஷ்தான் கழுத்தைப் பிடிக்கும்.

"கூலின்னா எப்டி டீச்சர் வசவாகும்? எங்க அம்மா சனிக்கெழமை சனிக்கெழமை வாங்கிட்டு வர்றாக. அதுலதான் எங்க வீட்டுல கறி எடுப்போம்."

"அங்க அது வசவு. உக்காரு கன்செஷன்."

"இல்ல டீச்சர், வசவுன்னா நாய், பேயின்னு ஏதாச்சும் கெட்டதைச் சொல்லணும்ல? கூலி கெட்டது இல்லையே."

நியாயமான கேள்விதான், இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மணி அடிக்க ஆறு நிமிஷம் இருக்கிறது என்பதுதான். கப்பல் எந்த வருஷம் புறப்பட்டது, எந்தத் துறைமுகம், ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்று படபடவென்று ஒப்பித்தேன். கன்செஷன் அப்படியே நின்றது. "கைடுல போட்டிருக்கு, அதை எழுதிக்கோ. பரீட்சைக்கு வரும்" என்று சொல்லி விடையைப் போர்டில் எழுதிப்போட்டேன். இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர்களை இழிவுபடுத்தும் சொல் அது, ஆகையால் அழுதாள். அதை அப்படியே மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

மார்ச் மாதம் வந்தது. நம் ஆட்கள் டிரினிடாடில் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினார்கள். கோட்டைச்சாமி சார் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவர், என் கையில் இருந்த நாவலைப் பார்த்து, "அந்தப் புஸ்தகத்தை என் கண்ணுல காட்டாதீக டீச்சர்" என்றார். சிலபஸில் இருக்கிறதே சார் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஏப்ரலில் ஆண்டுப் பரீட்சை. லில்லி ஏன் அழுதாள் என்பது இரண்டு மார்க் கேள்வியாக வந்தது. நான்தானே வினாத்தாள் எடுத்தேன், நானே போட்டேன். கையில் வைத்துக் கொடுத்த கேள்வி, எல்லாரும் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். முதல் தாளில், கூலி கொடுக்காததால் லில்லி அழுதாள் என்று இருந்தது. இரண்டாவது தாளிலும் அதே. மூன்றாவது தாளில் டெடி அவள் கூலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். இருபத்தெட்டு பேர் இதே கதை. ஒரு பிள்ளை, தீபாவளி போனஸும் சேர்த்துத் தரவில்லை என்று எழுதியிருந்தது. மனப்பாடம் செய்தவர்களாவது ஒழுங்காக எழுதினார்களா? ஒப்பந்தத் தொழிலாளர் என்பதற்கான 'இன்டென்ச்சர்டு' என்ற இங்கிலீஷ் வார்த்தையின் தலையைச் சீவி, 'டென்ச்சர்டு' என்று எழுதி, பல்செட் தொழிலாளர் ஆக்கியிருந்தார்கள். பத்து மாதம் தொண்டை வற்றக் கத்தியதற்குப் பலன் இது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சிவப்புப் பேனாவைத் தாள் கிழிகிற மாதிரி இழுத்துக்கொண்டே போனேன்.

முப்பத்தொன்றாம் எண் தாளில் கூலி என்ற வார்த்தையே இல்லை. 'பிகாஸ் ஹி நோ ஹெர் நேம்.' இவ்வளவுதான் விடை. அந்த 'நோ', இல்லை என்பதற்கு எழுதுகிற இரண்டெழுத்து நோ. ஏனென்றால் அவன் இல்லை அவள் பெயர். என்ன உளறல் இது? பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். கூட்டினால் முப்பத்துமூன்று வந்தது. பாஸ் மார்க் முப்பத்தைந்து. தாளில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. எண்ணைப் பார்த்தபோதுதான் அது கன்செஷன் என்று தெரிந்தது. ஐயோ என்று இருந்தது. வேறு எங்கேயாவது இரண்டு மார்க் ஒட்டவைக்க முடியுமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. இவ்வளவு சொல்லியும் எழுதாத பிள்ளைக்கு நான் என்ன செய்ய முடியும் என்று கோபத்தோடு கட்டைக் கட்டி வைத்துவிட்டேன்.

ரிசல்ட் போட்ட அன்று மத்தியானம் கிளார்க் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், கன்செஷனும் அது அம்மாவும் வந்திருக்காக. சார் உங்களையும் வரச் சொன்னாரு."

சாரின் அறையில் அதன் அம்மா தங்கத்தாய் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அரை நாள் வேலையை விட்டுவிட்டு நேரே கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார். விரல் இடுக்கெல்லாம் வெள்ளிப் பவுடர். பிள்ளை அவர் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றது. பேப்பரைப் பார்க்க வேண்டும் என்று அம்மாதான் கேட்டாராம். எடுத்து வந்து காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, சிவப்பு மை தெரியும்.

"இம்புட்டுப் பெருசா தப்பு போட்டிருக்கீகளே, என்ன கேள்வி டீச்சர் இது?"

சொன்னேன். லில்லி, டெடி, குழாயடி, மரத்தடி எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"எவளோ ஒருத்தி எங்கனயோ ஒக்காந்து அழுததுக்கு எம்பிள்ளை எதுக்கு டீச்சர் ஃபெயிலாவணும்? இவுக அப்பா இன்னைக்கே கம்பெனியில சொல்லி வச்சுட்டாரு. நாளைக்கி வரச் சொல்லிருக்காக."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குற்ற உணர்ச்சியும் கோபமாகத்தான் வெளியே வந்தது. பிள்ளையின் பக்கம் திரும்பினேன். "கைடுல இருக்கிற விடையைப் போர்டுலயே எழுதிப் போட்டேனா இல்லையா? அதை எழுதாம இது என்ன எழுதி வச்சிருக்க? அவன் இல்லை அவள் பேருன்னு. இதுக்கு என்ன அர்த்தம்?"

"இல்லைன்னு எழுதல டீச்சர்."

"பின்ன?"

"தெரியும்னு எழுதியிருக்கேன். அவனுக்கு அவ பேரு தெரியும்னு."

 தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். முன்னால் ஒரு 'கே', பின்னால் ஒரு 'டபிள்யூ'. அந்த இரண்டு எழுத்தும் விட்டுப்போயிருந்தன. அவனுக்கு அவள் பெயர் தெரியும், அதனால் அழுதாள். வாயால் சொன்னால் இரண்டு 'நோ'வும் ஒரே சத்தம்தானே.

"விளக்கமா சொல்லு" என்றேன். என் குரல் இறங்கிவிட்டது.

"நீங்க கூலின்னா வசவுன்னு சொன்னீக. எனக்கு ஒத்துக்கல டீச்சர். வசவு இல்லாத வார்த்தைக்கு அவ எதுக்கு அழணும்னு யோசிச்சேன். வேத்து ஆளு யாராச்சும் கூப்பிட்டிருந்தா அழுதிருக்க மாட்டா. பேரு தெரியாதவன் என்ன சொல்லி வேணாலும் கூப்பிட்டுப் போறான். இவன் சின்னப் பிள்ளையில இருந்து ஒண்ணா வெளையாடுனவன்ல? லில்லின்னு தெரியும்ல? தெரிஞ்சும் கூப்பிடல. அதான்."

மதுரையில் ஒரு நாள் முழுக்க நாற்காலி தேய உட்கார்ந்து கேட்டேன். வரலாறு என்றார்கள், மரபு என்றார்கள். கைடும் நானும் ஆண்டுக்கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தோம். கப்பல் ஏறிப்போன அத்தனை பேருக்கும் என்ன நடந்தது என்பதை இது ஐந்து வார்த்தையில், அதுவும் தப்பான எழுத்துக்கூட்டலில், எழுதி வைத்திருக்கிறது. நான் அதன்மேல் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். என்மேலேயே எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

"சார், இதுக்கு மார்க் போடணும்" என்றேன்.

கோட்டைச்சாமி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கைடுல இப்டியா போட்டிருக்கு?"

"இல்லை சார். கைடுல இருக்கிறதை விட இது நல்லாருக்கு."

"அப்ப கைடை எதுக்கு வாங்குனோம்? டீச்சர், இந்தப் பிள்ளைக்குப் போட்டா மத்த பிள்ளைகளும் வாசல்ல வந்து நிக்கும். ஸ்பெல்லிங்கும் தப்புங்கீக."

"ஸ்பெல்லிங்குக்கு அரை மார்க் கொறைச்சுக்கிறேன். ஒண்ணரை. மொத்தம் முப்பத்திநாலரை. அரையை முழுசாக்குறது எப்பவும் நாம செய்யுறதுதான்."

அவர் என்னையும் பார்த்தார், தங்கத்தாயையும் பார்த்தார். "இந்த வெஸ்ட் இண்டீஸ் நம்மளை நிம்மதியா இருக்க விடாது போல" என்று சலித்துக்கொண்டே டிராயரைத் திறந்து மார்க் திருத்துகிற படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். "தப்பு உங்க பக்கம்னு காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ரெஜிஸ்தர்ல ஒட்டணும்."

வாங்கி, நின்றுகொண்டே எழுத ஆரம்பித்தேன். வகுப்பு ஒன்பது. பாடம் இங்கிலீஷ். வரிசை எண் முப்பத்தொன்று. பழைய மார்க், புதிய மார்க். காரணம் என்ற இடத்தில், விடை சரி, ஆசிரியைக்குப் புரியவில்லை என்று எழுதினேன். பியூலா என்று கையெழுத்துப் போட்டு நீட்டினேன். மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது. தங்கத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சார் படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "மேல பேரு விட்டுப்போச்சே டீச்சர்."

பேனாவைத் திறந்து மேல் வரிக்குக் கொண்டுபோனேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

எனக்குத் தெரியவில்லை. பத்து மாதம் பாடம் எடுத்திருக்கிறேன். முனியராஜ் தெரியும், ஓவியா தெரியும், கப்பல் புறப்பட்ட வருஷம் தெரியும். இந்தப் பிள்ளையின் பெயரை யோசித்தால் ஒரே ஒரு வார்த்தைதான் நாக்கில் வந்து நின்றது. அதை அந்தப் படிவத்தில் எழுத முடியாது. வாசலில் நின்ற கிளார்க்கைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார். தங்கத்தாய் நான் எழுதுவதற்காகக் காத்திருந்தார். டீச்சருக்குத் தன் மகளின் பெயர் தெரியாமல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கதையில் வந்த அந்தப் பையனுக்காவது அவள் பெயர் தெரிந்திருந்தது.

பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து விலகி மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, எனக்காக ஒவ்வொரு எழுத்தாக இங்கிலீஷில் சொன்னாள். பாண்டிச்செல்வி. ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. நான் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டேன்.